தம்பியின் விரல்

என் தம்பி கெலேபி செத்ததற்கு ஊரில் ஒருத்தர்கூட என்னைத் திட்டவில்லை. எடுத்ததும் இதைச் சொல்லிவிடுகிறேன். அவன் போனதைவிட எனக்கு ஆறாமல் இருப்பது அதுதான்.

என் பெயர் நனிசே. பசிபிக் தீவு நாடான டோங்காவில் ஹாபாய் பக்கம், பங்காய் ஆஸ்பத்திரிக்குப் படகில் மூன்று மணி நேரம் தள்ளி இருக்கிற ஒரு சின்னத் தீவுக்கு நான்தான் நர்ஸ். டாக்டர் கிடையாது. கடல் மனசு வைத்தால் மாதம் ஒருமுறை ஒருத்தர் வந்து போவார். நானூறு பேருடைய ரத்த அழுத்தம், பிரசவம், மீன்முள் குத்திய பாதம் எல்லாம் என் பொறுப்பு. பதினெட்டு வருஷத்தில் இந்த ஊரில் நான் பிடித்துப் பார்க்காத கை இல்லை, ஒரு கையைத் தவிர.

கெலேபி எனக்கு ஆறு வயது இளையவன். அவனுக்கு மீசை அரும்பிய நாளிலிருந்து நானும் அவனும் ஓர் அறையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. உடம்பு, வயிறு, கழிவறை, படுக்கை என்ற பேச்சே எங்களுக்கு நடுவில் வரக்கூடாது. நாங்கள் இரண்டு பேரும் இருக்கிற இடத்தில் யாராவது கொஞ்சம் கொச்சையாகப் பேசிவிட்டால், பக்கத்தில் இருப்பவர் தொண்டையைச் செருமுவார். பேசியவர் அசடு வழிந்துகொண்டு அடங்கிவிடுவார். இது பகை இல்லை, மரியாதை. அவன் தோட்டத்தில் தோண்டுகிற முதல் வள்ளிக்கிழங்கு என் வீட்டுக்குத்தான் வரும். அவன் வீட்டு நல்லது கெட்டதில் முதல் பாய் எனக்குத்தான் விரிப்பார்கள். எங்களிடம் அக்கா என்றால் தம்பியைவிட ஒரு படி உயரம். அந்தப் படியிலிருந்து இறங்கி அவன் விரலைப் பிடிக்க மட்டும் எனக்கு வழியில்லை.

போன வருஷம் சர்ச்சில் எடை குறைப்புப் போட்டி வைத்தார்கள். பன்னிரண்டு வாரம். அதிகமாக இளைக்கிறவருக்குப் படகு மோட்டார் பரிசு, பதினைந்து குதிரைசக்தி, புத்தம் புதுசு. என் கிளினிக்கில் இருக்கும் எடை மெஷின் நூற்றைம்பது கிலோவுக்கு மேல் வேலை செய்யாது. அதனால் படகுத்துறையில் சரக்கு நிறுக்கிற தராசை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து சர்ச் கூடத்தில் வைத்தார்கள். கெலேபியின் பழைய மோட்டார் பழுதாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. துடுப்புப் போட்டு மீன் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தான். பெயர் கொடுத்தவர்களில் முதல் ஆள் அவன்தான். நூற்று ஐம்பத்திரண்டு கிலோ.

முதல் சனிக்கிழமை காலையில் என்னைப் பேசச் சொன்னார்கள். ஊர் அதிகாரி சமிசோனி முன்வரிசையில் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் வாய் சும்மா இருக்காது.

"நர்ஸம்மா, குண்டா இருந்தா சர்க்கரை வரும்ங்கறீங்க. போன வருஷம் என்னைக் குத்திப் பாத்தீங்களே, சரியாத்தானே இருந்துச்சு? இந்தத் தொப்பையோடதானே இருந்தேன்?"

"சரியாத்தான் இருந்துச்சு. அதைச் சரியா வைக்க உள்ள ஒருத்தன் என்ன பாடு பட்டான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"உள்ள யாரு? நேத்துத் தின்ன பன்னிக்குட்டியா?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு சொன்னேன்.

"வயித்துக்குப் பின்னால கணையம்னு ஒண்ணு இருக்கு. அதுதான் இன்சுலின் சுரக்குது. ரத்தத்துல ஓடற சர்க்கரையை உடம்புக்குள்ள அனுப்பறது அந்த இன்சுலின்தான். வயித்துலயும் ஈரல்லயும் கொழுப்பு ஏற ஏற, உடம்பு அது பேச்சைக் கேக்காது. அப்ப கணையம் என்ன பண்ணும்? ரெண்டு மடங்கு சுரக்கும், மூணு மடங்கு சுரக்கும். ஓட்டைப் படகுல ஒருத்தன் தண்ணி இறைக்கிறான்னு வைங்க. அவன் வேகமா இறைக்கிற வரைக்கும் படகு காய்ஞ்சுதான் இருக்கும். நீங்க மேல உக்காந்து பாட்டுப் பாடிக்கிட்டு வருவீங்க. வருஷக்கணக்கா அப்படியே போகும்."

"அப்புறம்?"

"அப்புறம் அவன் கை ஓஞ்சு போகும்."

"அப்ப நீந்த வேண்டியதுதான்" என்றார் சமிசோனி. மறுபடியும் சிரிப்பு.

"எல்லாருக்கும் அப்படி ஆகாது. சிலருக்குக் கணையம் கடைசி வரைக்கும் தாக்குப் பிடிக்கும். யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காதுன்னு வெளியில பாத்துச் சொல்ல முடியாது, குத்திப் பாத்தாத்தான் தெரியும். ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. நல்லாச் சாப்பிட்டுக்கிட்டே இருந்தும் தானா இளைச்சா, நாக்கு வறண்டா, அடிக்கடி ஒண்ணுக்குப் போனா, அது நல்ல இளைப்பு இல்ல. அன்னிக்கே என்கிட்ட வந்துடணும்."

இதைச் சொல்லும்போது கதவுப் பக்கம் பார்த்தேன். அங்கே நின்றிருந்த கெலேபி இல்லை. வயிறு என்று நான் வாயெடுத்ததுமே அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டான். அப்படித்தான் போகவேண்டும். பக்கத்தில் இருந்த இரண்டு கிழவர்கள், வளர்ப்பு என்றால் இதுதான் என்று தலையாட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. இன்று அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

எடை பார்க்கிற ஏற்பாடும் அதே லட்சணம்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் தராசில் ஏறியதும் நான் ஒரு விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்து நோட்டில் எழுதுவேன். கெலேபியின் பெயர் வந்தால் நான் எழுந்து பின்வாசல் வழியாகப் போய்ச் சமையல் கொட்டகையில் நின்றுகொள்வேன். பாதிரியாரின் மனைவி அவனைத் தராசில் நிறுத்தி எடையை எழுதுவார். அவருக்குக் குத்தத் தெரியாது. அதனால் சர்க்கரை எழுதவேண்டிய கட்டத்தில் நான் திரும்பி வந்து "பிறகு" என்று எழுதி வைப்பேன். மாதாந்திர டாக்டர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு. அந்த மூன்று மாதத்தில் அவர் ஒருமுறைதான் வந்தார், அன்று கெலேபி மீன்பிடிக்கக் கடலுக்குப் போயிருந்தான்.

முதல் நாலு வாரம் அவன் நிஜமாகவே பாடுபட்டான். காலையில் தீவை ஒரு சுற்று நடந்தான். ஆட்டு விலாக் கொழுப்பையும் டின் மாட்டிறைச்சியையும் விட்டான். நாலு கிலோ குறைந்தது. ஐந்தாம் வாரத்திலிருந்து கொட்டகைக்குள் நின்றிருந்த எனக்குக் கூடத்திலிருந்து கைதட்டல் கேட்க ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் மூன்று கிலோ. அடுத்த வாரம் மூன்றரை. ஆட்கள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். நடந்து நடந்து இவ்வளவு குறையாது என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் அது பொய்.

ஏழாம் வாரம் அவன் மனைவி பிசிலா கிளினிக்குக்கு வந்தாள். பாய் பின்னுகிற விரல்களைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"அண்ணி, ஒருத்தரைப் பத்திக் கேக்கணும்."

"யாரைப் பத்தி?"

"ஊர்ல ஒருத்தர்." தரையைப் பார்த்தாள். "அவருக்குத் தாகம் அடங்கவே மாட்டேங்குதாம். ராத்திரி அஞ்சு தடவை எந்திரிச்சுப் போறாராம். எளநியாக் குடிச்சுத் தள்றாரு."

யார் அந்த ஒருத்தர் என்று எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு பேரும் ஏதோ அடுத்த தீவுக்காரனைப் பற்றிப் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தோம்.

"அந்த ஒருத்தர் சாப்பிடறாரா?"

"நல்லாவே சாப்பிடறாரு. அடுப்புல வச்சது எல்லாம் காலி. அப்படியும் உடுப்பு தொளதொளன்னு ஆகுது. கண்ணு வேற மங்கலா இருக்காம்."

"எளநியை இன்னிக்கே நிறுத்து. அது சர்க்கரைத் தண்ணி. வெறும் தண்ணி குடு. நாளைக்கு அவரை இங்க கூட்டிட்டு வா, பிசிலா."

"இங்கயா?" அவள் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். "அவரு எப்படி அண்ணி இங்க வருவாரு?"

"அப்ப பங்காய்க்குக் கூட்டிட்டுப் போ. அங்க ஆம்பள நர்ஸ் இருக்காங்க."

"நானும் சொல்லிட்டேன். போட்டி முடியட்டும், ஜெயிச்ச மோட்டாரை மாட்டிக்கிட்டு நம்ம படகுலயே போவோம்ங்கறாரு. இன்னும் அஞ்சு வாரம்தானே?"

சர்க்கரை பார்க்கிற கருவியை அவள் கையில் கொடுத்து, எப்படிக் குத்துவது என்று காட்டினேன். மறுநாள் காலையில் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"பாத்ததும் கண்டுபிடிச்சிட்டாரு, இது அக்கா பொருள்னு. அக்கா கை பட்டதுல என் ரத்தம் படலாமான்னு கோவிச்சுக்கிட்டாரு. நான் என்ன பண்றது அண்ணி?"

ஒன்பதாம் வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு நானே அவன் வீட்டுக்குப் போனேன். இன்று பிடித்து உட்காரவைத்துக் குத்திவிடுவது, ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அவன் முற்றத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சட்டையை எடுத்து மாட்டினான், மரியாதைக்குக் கட்டுகிற பாயை இடுப்பில் சுற்றிக் கட்டினான், எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தள்ளிப் போய்த் தரையில் உட்கார்ந்தான். சட்டைக் காலர் அவன் கழுத்தைச் சுற்றித் தொளதொளவென்று நின்றது. வாயோரம் வெடித்திருந்தது.

"வாங்க அக்கா."

"வள்ளிக்கிழங்கு எப்படி வந்திருக்கு?"

"பரவாயில்ல அக்கா. மழைதான் போதல. நல்லதாப் பாத்து உங்களுக்கு எடுத்து வச்சிருக்கேன்."

"காத்து மாறிடுச்சு."

"ஆமா அக்கா."

பைக்குள் கையை விட்டேன். கருவி விரலில் பட்டது. "உடம்பு…" என்றேன்.

அவன் தலை சட்டென்று கவிழ்ந்தது. காது சிவந்துபோனது. நாற்பத்தோரு வயது ஆம்பளை, திருட்டில் பிடிபட்ட பிள்ளை மாதிரி மண்ணைக் கிளறினான். எனக்கு ஊரைப் பற்றிப் பயம் இல்லை. என் வாயால் அவன் தலை குனியவேண்டி வருகிறதே என்பதுதான் தாங்கவில்லை.

"உடம்பு நல்லா இருக்குல்ல?" என்று முடித்தேன்.

"இருக்கு அக்கா."

நான் எழுந்து வந்துவிட்டேன். கருவி பைக்குள்ளேயே இருந்தது. ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், ஐந்து விநாடி. அதற்கு எனக்குத் துப்பில்லை. மூன்றாவது தெருவில் பாதிரியார் வீடு. அவரிடம் போய் "நீங்க சொல்லுங்க" என்று கேட்டிருக்கலாம். அங்கேயும் போனேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இன்னும் மூணு வாரம்தானே, பரிசு கொடுத்த கையோட நானே படகு ஏத்தி அனுப்பறேன்" என்றார். எனக்கு மனசு லேசானது. பொறுப்பை வேறு ஒருத்தர் தலையில் வைத்தாகிவிட்டது அல்லவா.

பன்னிரண்டாம் வாரம் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. நான் வழக்கம்போல் கொட்டகையில் நின்றேன். பாதிரியாரின் மனைவி எடையை உரக்கப் படித்தார்: நூற்று இருபத்து மூன்று. இருபத்தொன்பது கிலோ. கூரை பறக்கிற மாதிரி சத்தம். சமிசோனி மேஜைமேல் ஏறி ஆடினார் என்று பிறகு சொன்னார்கள். பரிசு கொடுக்கும்போது நான் உள்ளே வந்து ஓரமாக நின்றேன். கெலேபி மோட்டாரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு பேசினான். ஊன்றாமல் நிற்க முடியவில்லை அவனுக்கு.

"எனக்கு வழி காட்டினது எங்க அக்கா. அவங்க பேருக்குக் குறை வரக்கூடாதுன்னுதான் நான் இவ்வளவு பண்ணினேன்."

எல்லாரும் என் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். நானும் சிரித்துத் தலையாட்டினேன்.

அடுத்த நாள் ஞாயிறு. எங்கள் நாட்டில் அன்று எந்தப் படகும் கிளம்பாது. திங்கட்கிழமை காலை கிளம்புவதாக ஏற்பாடு. அன்று விடிந்து கொஞ்ச நேரத்தில் பிசிலா தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். "எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்கறாரு அண்ணி. மூச்சு வேற மாதிரி வாங்குது." இந்தத் தடவை 'ஒருத்தர்' இல்லை.

அவன் படுத்திருந்த அறைக்குள் என் ஆயுளில் முதல்முறையாக நுழைந்தேன். வெறும் மேலோடு கிடந்தான். தோல் பையாகத் தொங்கியது. மூச்சில் அழுகிய பழ வாடை. வாசலில் அதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். நான் மண்டியிட்டு அவன் விரலைப் பிடித்துக் குத்தினேன். பின்னால் யாரோ ஒருத்தர், பழக்க தோஷம், தொண்டையைச் செருமினார்.

கருவியில் எண்ணே வரவில்லை. எண்ணுக்கு அடங்காத அளவு என்று காட்டுகிற எழுத்துதான் வந்தது. கணையம் எத்தனை வருஷம் அவனுக்காக மாய்ந்து மாய்ந்து சுரந்ததோ, எந்த வாரம் முடியாமல் போனதோ. அதன்பின் அவன் தின்றது எதுவும் அவனுக்குச் சேரவில்லை. உடம்பு தன் கொழுப்பையும் சதையையும் தானே எரித்துத் தின்றிருக்கிறது. அதற்குத்தான் வாராவாரம் கைதட்டினோம்.

புது மோட்டாரை அவன் படகிலேயே மாட்டினார்கள். சமிசோனி ஓட்டினார். உப்புநீர் பாட்டிலைத் துடுப்பில் கட்டித் தொங்கவிட்டு, கிளினிக்கில் இருந்த கொஞ்சம் இன்சுலினைப் போட்டு, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேறு வழியில்லை, பிசிலாவையும் ஏற்ற இடமில்லை, படகு அவ்வளவுதான் அகலம். மோட்டார் நன்றாகவே ஓடியது.

ஒரு மணி நேரம் போனபின் அவன் கண்ணைத் திறந்தான்.

"யாரு?"

"நான்தாண்டா. அக்கா."

அவன் கை மெல்ல நகர்ந்தது. முழங்காலுக்கு மேல் ஏறியிருந்த துணியைக் கீழே இழுக்கப் பார்த்தான். இழுக்க முடியவில்லை. நான் இழுத்துவிட்டேன். அவன் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"வேற யாரும் இல்லையா, அக்கா?"

"நான் இருக்கேன்ல."

அவன் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான். பங்காய் படகுத்துறை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அவன் மூச்சு நின்றது. சமிசோனி மோட்டாரை நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

செவ்வாய்க்கிழமை அவனை வீட்டில் கிடத்தினார்கள். தலைமாட்டில் உட்காரும் இடம் அக்காளுக்குத்தான். பெரிய பாய்களில் மேலானதை விரித்து என்னை அதில் உட்காரவைத்தார்கள். வந்தவர்கள் எல்லாம் முதலில் என் முன்னால் குனிந்துவிட்டுப் பிறகுதான் அவன் காலடியில் அழுதார்கள். கொண்டுவந்த மரப்பட்டைத் துணியில் முதல் சுருள் எனக்கு. சுட்ட பன்றியில் முதல் பங்கு எனக்கு. அந்த மோட்டாரும் எனக்குத்தான் என்று கிழவர்கள் முடிவு செய்தார்கள். சித்தி முறை ஒருத்தி அவன் முகத்தைப் பார்த்து, "எவ்வளவு அழகா இளைச்சிருக்கான்" என்று அழுதாள்.

நோட்டை எடுத்துப் பாதிரியாரின் மனைவியிடம் விரித்துக் காட்டினேன். பன்னிரண்டு வரிசை, பன்னிரண்டு "பிறகு", எல்லாம் என் கையெழுத்து. அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்துவிட்டு, "சரியாத்தானே எழுதியிருக்கீங்க" என்றார்.

பிசிலா தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"என்னைத் திட்டு பிசிலா. ஒரு வார்த்தையாவது திட்டு."

அவளுக்கு நான் கேட்டது புரியவே இல்லை. அழுது வீங்கிய கண்ணால் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "நீங்க என்ன அண்ணி பண்ணுவீங்க? நீங்க அக்கா."

அவள் போனபின் துணிக்கு அடியில் கையை விட்டு அவன் இடது கையை எடுத்தேன். மோதிர விரல். குத்துவதற்கு அந்த விரலின் ஓரம்தான் நல்லது, வலி குறைவாக இருக்கும். நுனியைச் சூடு வரத் தேய்த்தேன், எல்லாருக்கும் தேய்க்கிற மாதிரி. கூடம் நிறைய ஆட்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் தொண்டையைச் செருமவில்லை.